பீனால்களை உலோக அணைவுகள் ஆக்சிஜனேற்றும்போது அமிலத்தன்மை என்ன செய்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபெர்ரிசயனைடு, ஹெக்சாகுளோரோஇரிடேட்(4), டிரிஸ்(பைபிரிடின்)இரும்பு(3) போன்ற அணைவுகள் பீனாலிடமிருந்து ஒரு எலக்ட்ரானைப் பறிக்கும் வினைகளைப் பற்றிய பக்கம் இது. வேகத்தை அளப்பவர்களுக்கும், பீனால்களை ஒன்றோடொன்று இணைக்கும் இணைப்பு வினையைக் குடுவையில் செய்பவர்களுக்கும், நீரில் பீனாலின் அளவைக் கணிப்பவர்களுக்கும் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் முட்டிக்கொள்கின்றன: பிஎச்.

ஒரே பீனால், ஒரே அணைவு. பிஎச் 3-இல் நிமிடக்கணக்கில் இழுக்கும் வினை பிஎச் 9-இல் கலக்கும்போதே முடிந்துவிடுகிறது. ஏன்?

கரைசலில் இருப்பது ஒரு பொருள் அல்ல, இரண்டு. ஒன்று புரோட்டானோடு இருக்கும் பீனால்; மற்றொன்று புரோட்டானை இழந்த பீனாக்சைடு அயனி. சாதாரண பீனாலின் பிகேஏ (பாதிப் பீனால் புரோட்டானை இழந்திருக்கும் பிஎச்) 25 பாகை செல்சியசில் ஏறத்தாழ 10. பீனாக்சைடிலிருந்து எலக்ட்ரானை எடுக்கச் சுமார் 0.80 வோல்ட் போதும். பீனாலிலிருந்து அப்படியே எடுத்தால் பிறப்பது பீனால் நேரயனித் தனி உறுப்பு (இணைசேரா எலக்ட்ரான் கொண்ட நேரயனி). அதன் பிகேஏ சுமார் −2, அதாவது அது மிக வலிமையான அமிலம். இரண்டு பிகேஏ மதிப்புகளுக்கும் இடையே 12 அலகு இடைவெளி. ஒவ்வோர் அலகும் 0.059 வோல்ட். கூட்டினால் பீனாலின் மின்னழுத்தம் 1.5 வோல்ட்டுக்கு ஏறிவிடுகிறது. வேகத்தில் காணும் பெரும் வேறுபாட்டின் வேர் இந்த 0.7 வோல்ட்தான்.

பிஎச்சுக்கும் வேகத்துக்கும் உள்ள தொடர்பை எந்தச் சமன்பாட்டில் எழுதுவது?

அணைவு பிஎச்சால் மாறாது என்று வைத்துக்கொண்டால்:

வே = (வே₁ × [எச்⁺] + வே₂ × கா) ÷ (கா + [எச்⁺])

வே என்பது நாம் அளக்கும் இரண்டாம் வகை வேக மாறிலி. வே₁ பீனாலுக்கு உரியது, வே₂ பீனாக்சைடுக்கு உரியது, கா என்பது பீனாலின் அமிலப் பிரிகை மாறிலி. மடக்கை வேகத்தைப் பிஎச்சுக்கு எதிராக வரைந்தால் மூன்று பகுதிகள் தெரியும். அமிலப் பக்கம் தட்டையான தளம், அதாவது வே₁. நடுவில் சாய்வு 1 உள்ள நேர்கோடு. பிகேஏவைத் தாண்டியதும் மீண்டும் ஒரு தளம், வே₂. நடுப்பகுதிச் சாய்வு 1-க்குக் குறைவாக, உதாரணமாக 0.5 என்று வந்தால் புதிய வினைவழியைக் கண்டுபிடித்துவிட்டதாக எழுதத் தொடங்க வேண்டாம். முதலில் தாங்கல் கரைசலைச் சந்தேகப்படுங்கள்.

பிஎச் 7-இல் ஆயிரத்தில் ஒரு பங்குதானே பீனாக்சைடு? அவ்வளவு சிறிய அளவு எப்படி வினையை நடத்தும்?

கணக்குப் போட்டால் விளங்கும். எடுத்துக்காட்டுக்கு வே₂ 10⁷ என்றும் வே₁ 5 என்றும் கொள்வோம், இரண்டும் மோலார்⁻¹ வினாடி⁻¹ அலகில். பிஎச் 7-இல் பீனாக்சைடு வழியின் பங்கு 10⁷ × 10⁻³, அதாவது 10,000. பீனால் வழியின் பங்கு வெறும் 5. பிஎச் 5-இல் 100-க்கு 5. பிஎச் 4-இல் 10-க்கு 5. இரண்டும் சமமாவது பிஎச் 3.7-இல்தான். கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கும் அயனி, தன் பிகேஏவுக்கு ஆறு அலகு கீழேயும் வினையை ஆள்கிறது.

இதே எண்களோடு பீனால் 1 மில்லிமோலார் இருந்தால், பிஎச் 3-இல் அரைவாழ்வு ஏறத்தாழ இரண்டு நிமிடம். பிஎச் 9-இல் ஒரு மில்லிவினாடிக்கும் குறைவு. பின்னது, இரு கரைசல்களை விரைந்து கலந்து அளக்கும் ஸ்டாப்டு ஃப்ளோ கருவியின் கலக்கும் நேரத்துக்குள்ளேயே முடிந்துவிடும். அந்தப் பிஎச்சில் அளந்தே ஆகவேண்டும் என்றால் பீனாலின் செறிவைக் குறைத்து, போலி முதல் வகையை (பீனால் மிகுதி என்பதால் அதன் செறிவு மாறாது என்று கொள்வதை) கைவிட்டு, இரண்டாம் வகைச் சமன்பாட்டைப் பொருத்த வேண்டும்.

பிஎச் ஏறினால் பீனாலின் மின்னழுத்தம் அலகுக்கு 59 மில்லிவோல்ட் இறங்குகிறது. அந்த எண்ணையே, எலக்ட்ரான் மாற்றத்தின் வேகத்தைக் கணிக்கும் மார்கஸ் சமன்பாட்டில் உந்துவிசையாகப் போடலாமா?

போடக் கூடாது. பாடப்புத்தக வரைபடம் சரியானதே: பீனாக்சில் (எலக்ட்ரானையும் புரோட்டானையும் இழந்த பீனால்), பீனால் இணையின் மின்னழுத்தம் பிஎச் 1-இல் 1.33, பிஎச் 4-இல் 1.15, பிஎச் 7-இல் 0.98 வோல்ட், பிஎச் 10-க்கு மேல் 0.80-இல் நின்றுவிடும். ஆனால் அது மொத்தச் சமநிலை பற்றிய தகவல். ஒரு மூலக்கூறு அணைவை மோதும் கணத்தில், கரைசலின் மற்ற இடங்களில் எத்தனை புரோட்டான் இருக்கிறது என்பது அந்த மோதலுக்குத் தெரியாது. புரோட்டானை வாங்குவது பக்கத்தில் நிற்கும் நீர் மூலக்கூறோ தாங்கலின் காரமோதான். ஆகவே ஒவ்வோர் அடிப்படைப் படிக்கும் அதற்கே உரிய, பிஎச்சால் மாறாத உந்துவிசையைக் கணக்கிட வேண்டும். பீனாக்சைடுக்கு 0.80, நேரயனி வழிக்கு 1.5. பிஎச் வேகத்துக்குள் நுழைவது எந்த இனம் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கின் வழியாகத்தான்.

எந்தத் திசையில் சமநிலை நிற்கும், திரும்பு வினை எவ்வளவு தொந்தரவு தரும் என்று பார்க்க மட்டும் அந்த 59 மில்லிவோல்ட் கோடு உதவும்.

அமிலப் பக்கத் தளத்தில் உண்மையில் என்ன நடக்கிறது?

மூன்று வாய்ப்புகள். எலக்ட்ரான் முதலில் போய், நேரயனி பிறந்து, பிறகு புரோட்டான் போகலாம். புரோட்டான் முதலில் போய், எலக்ட்ரான் பின்னால் போகலாம். இது நடுப்பகுதிச் சாய்வில் கண்ட வழி. இரண்டும் ஒரே படியில் சேர்ந்து போகலாம், புரோட்டானை நீர் வாங்கிக்கொள்ளும். ஹெக்சாகுளோரோஇரிடேட்(4)-இன் மின்னழுத்தம் 0.89 வோல்ட்தான். 1.5 வோல்ட் ஏற்றத்தை ஏறி நேரயனியை உருவாக்குவதாகக் கணக்கிட்டால் வரும் வேகம், அளந்த வேகத்துக்குப் பல மடங்கு கீழே விழும் வாய்ப்பு அதிகம். அப்படி விழுந்தால் ஒருங்கிணைந்த வழியே மிஞ்சுகிறது. டிரிஸ்(பைபிரிடின்)ருதேனியம்(3) போல 1.26 வோல்ட் உள்ள வலிய ஆக்சிஜனேற்றிக்கு முதல் வழியும் திறந்திருக்கும். கனநீரில் அளந்து, தளத்தின் வேகம் 2 மடங்குக்கு மேல் குறைந்தால் புரோட்டான் அந்தப் படியிலேயே நகர்கிறது என்பதற்கு நல்ல சான்று. விகிதம் 1-ஐ ஒட்டி நின்றால் எலக்ட்ரான் தனியாகப் போகிறது.

அணைவும் பிஎச்சுக்கு ஏற்ப மாறுமா?

பலரும் மறக்கும் பாதி இதுதான். மேலே கொடுத்த சமன்பாடு, அணைவு ஒரே வடிவத்தில் இருக்கும்வரைதான் செல்லும்.

ஃபெர்ரிசயனைடை எடுத்துக்கொள்ளுங்கள். அது நேரடியாகப் புரோட்டானை ஏற்பதில்லை என்றே சொல்லலாம். ஆனால் அதிலிருந்து பிறக்கும் ஃபெர்ரோசயனைடு ஏற்கும். முதல் பிகேஏ சுமார் 4.2, அடுத்தது 2-ஐ ஒட்டி. விளைபொருள் புரோட்டானால் நிலைபெறுவதால் இணையின் மின்னழுத்தம் நடுநிலைக் கரைசலில் சுமார் 0.42-ஆக இருந்து, 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 0.71-ஆக ஏறுகிறது. ஆகவே அமிலத்தில் ஃபெர்ரிசயனைடின் பிஎச் வரைபடத்தைப் பீனாலின் கணக்கில் மட்டும் எழுதினால் தவறு.

டிரிஸ்(பைபிரிடின்)இரும்பு(3)-க்கு வேறு நோய். காரம் ஏற ஏற ஹைட்ராக்சைடு அதைத் தாக்கி, பீனாலே இல்லாமல் இரும்பு(2)-ஆக ஒடுக்கிவிடும். சிவப்பு நிறம் தானாக வருவதைக் கண்டு வினை வேகமாக நடக்கிறது என்று ஏமாந்துபோவது எளிது. பீனால் இல்லாத வெற்றுச் சோதனையை ஒவ்வொரு பிஎச்சிலும் ஓட்டாமல் அந்தத் தரவை நம்ப வேண்டாம்.

நீர் ஈனியாக (உலோகத்தோடு பிணைந்த மூலக்கூறாக) உள்ள அணைவுகள் மூன்றாம் வகை. நீரேறிய இரும்பு(3)-இன் பிகேஏ சுமார் 2.2 என்பதால் பிஎச் 2-இலேயே ஹைட்ராக்சோ வடிவம் கணிசமாக இருக்கிறது. அது ஈனியை மாற்றிக்கொள்ளும் வேகமும் அதிகம். ஆக்சோருதேனியம்(4) வகையில் இன்னொரு நயம் உண்டு. அது ஓர் எலக்ட்ரானோடு ஒரு புரோட்டானையும் வாங்கிக்கொள்வதால், அதன் மின்னழுத்தமும் பிஎச்சுக்கு 59 மில்லிவோல்ட் வீதமே இறங்குகிறது. பீனாலும் அதே வீதத்தில் இறங்குவதால் இடைவெளி மாறுவதில்லை. அங்கே ஹைட்ரஜன் அணுவாகவே கைமாறும் வழி வலுப்பெறும். பிஎச் வரைபடம் அகலமாகத் தட்டையாக இருப்பதில் வியப்பில்லை.

எந்தப் பிஎச் எல்லைக்கு எந்த அணைவு?

காரத்தில் ஃபெர்ரிசயனைடு. அமிலத்திலிருந்து நடுநிலை வரை ஹெக்சாகுளோரோஇரிடேட்(4): 488 நானோமீட்டரில் மோலார் உட்கவர் கெழு சுமார் 4,000 என்பதால் கண்காணிப்பதும் எளிது. வலிய அமிலத்தில், எளிதில் ஆக்சிஜனேறாத பீனால்களுக்குப் பைபிரிடின் அணைவுகள். இரும்பு அணைவில் விளைபொருள் 522 நானோமீட்டரில் 8,650 என்ற கெழுவோடு தோன்றுவது பெரிய வசதி. ஆனால் ஃபெர்ரிசயனைடின் 420 நானோமீட்டர் பட்டை பலவீனமானது, கெழு சுமார் 1,000 மட்டுமே. பீனாக்சில் தனி உறுப்பும் 400-ஐ ஒட்டி உட்கவரும், மஞ்சள் விளைபொருள்களும் அங்கேதான் வரும்.

வேக அளவீட்டுக்குக் கரைசல்களை எப்படித் தயாரிப்பது?

இரிடேட் அணைவை வைத்து ஒரு நடைமுறை:

1. பயன்படுத்தப்போகும் அயனி வலிமையிலேயே பீனாலின் பிகேஏவை அளந்துகொள்ளுங்கள். பீனால் 270 நானோமீட்டரிலும் பீனாக்சைடு 287-இலும் உச்சம் காட்டும். 287-இன் எழுச்சியைப் பிஎச்சுக்கு எதிராகப் பொருத்தினால் போதும். நூல் மதிப்பை அப்படியே எடுப்பது 0.1 முதல் 0.2 வரை பிழை தரும்.
2. பீனால் நிறமற்று இருக்க வேண்டும். இளஞ்சிவப்பாக இருந்தால் ஏற்கெனவே ஆக்சிஜனேறியிருக்கிறது. வாலை வடித்தோ பதங்கமாக்கியோ தூய்மைப்படுத்தி, அன்றைய கரைசலை அன்றே செய்யுங்கள்.
3. அணைவை 0.1 மில்லிமோலார் செறிவில் 1 மில்லிமோலார் பெர்குளோரிக் அமிலத்தில் கரைத்து வையுங்கள். நடுநிலைக் கரைசலில் வைத்தால் மெதுவாக ஒடுங்கும், காரத்தில் விரைவாக.
4. மறுபுறச் சிரிஞ்சில் பீனாலும் இரட்டிப்புச் செறிவுத் தாங்கலும். இரண்டும் சமமாகக் கலந்ததும் அணைவு 0.05 மில்லிமோலார், பீனால் 1 முதல் 10 மில்லிமோலார், தாங்கல் 10 முதல் 20 மில்லிமோலார், அயனி வலிமை 0.1 மோலார் என்று வரட்டும். 1 சென்டிமீட்டர் கலத்தில் தொடக்க உட்கவர்தல் 0.2 கிடைக்கும்.
5. பீனால் பக்கக் கரைசலில் ஆர்கான் செலுத்தி ஆக்சிஜனை விரட்டுங்கள்.
6. பிஎச்சைக் கலந்து வெளியேறிய கரைசலில் அளவிடுங்கள். சிரிஞ்சில் இருந்த தாங்கலின் பிஎச்சை எழுதிவைப்பது பழக்கத்தால் வரும் தவறு.

அயனி வலிமையைச் சோடியம் பெர்குளோரேட்டால் சரிசெய்தால் கண்ணாடி மின்முனையைக் கவனியுங்கள். உள்ளே பொட்டாசியம் குளோரைடு இருந்தால், சந்தியில் பொட்டாசியம் பெர்குளோரேட் படிந்து அடைத்துவிடும்; அளவு நிலையில்லாமல் நகரும். உள் நிரப்பைச் சோடியம் குளோரைடுக்கு மாற்றினால் தொல்லை தீரும். பைபிரிடின் அணைவுகளின் பெர்குளோரேட் உப்புகள் சரியாகக் கரையாது. ஃபெர்ரிசயனைடு வினைகளில் பொட்டாசியமும் லித்தியமும் ஒரே வேகம் தராது, ஏனெனில் நேரயனி அணைவோடு இணைசேர்கிறது; ஆகவே தொடர் முழுவதும் ஒரே நேரயனியை வைத்திருங்கள்.

தாங்கலை மாற்றினால் வேகமும் மாறுகிறது. பிஎச் ஒன்றுதான். எங்கே கோளாறு?

கோளாறாக இருக்கலாம், வேதியியலாகவும் இருக்கலாம். காரணங்களைப் பிரித்தறிய வேண்டும்.

முதலாவது, தாங்கலின் காரப்பகுதி புரோட்டானை வாங்கிக்கொண்டு ஒருங்கிணைந்த வழியில் பங்கேற்பது. ஹைட்ரஜன் பாஸ்பேட் அயனி இதில் நீரைவிடப் பல மடங்கு திறமையானது. இரண்டாவது, புரோட்டான் பிரிவதே மெதுவான படியாகிவிடுவது. பீனால் தன் புரோட்டானை நீருக்குக் கொடுக்கும் வேகம் வினாடிக்குச் சில முறைகள் மட்டுமே. பீனாக்சைடு பிறந்ததும் அணைவு உடனே அதைப் பிடித்துக்கொண்டால் பீனாலுக்கும் பீனாக்சைடுக்கும் இடையிலான முன்சமநிலை நிலைக்காது. எடுத்துக்காட்டாக வே₂ 10⁹, அணைவு 10⁻⁵ மோலார் என்றால் எலக்ட்ரான் இழப்பு வினாடிக்கு 10,000; பிஎச் 7-இல் திரும்பப் புரோட்டானேறும் வேகம் சில ஆயிரம்தான். அங்கே தாங்கலைக் கூட்டினால் வேகம் கூடி, ஒரு கட்டத்தில் நின்றுவிடும். இந்த நிற்றல்தான் இரண்டாம் காரணத்தின் அடையாளம். முதல் காரணத்தில் கோடு நேராக ஏறிக்கொண்டே போகும். மூன்றாவது, தாங்கலில் இருக்கும் உலோக மாசு, முக்கியமாகச் செம்பு. உலோகத்தைப் பிடித்துவைக்கும் டைபிக்கோலினிக் அமிலம் சிறிதளவு சேர்த்தால் வேகம் விழுகிறதா என்று பாருங்கள். ஈடிடிஏவையும் பயன்படுத்தலாம், ஆனால் வலிய ஆக்சிஜனேற்றிகள் அதையே தின்னும்.

சோதனை முறை எளிது. அமில-கார விகிதத்தை மாற்றாமல் மொத்தத் தாங்கலை 5, 10, 20, 40 மில்லிமோலார் என்று மாற்றுங்கள். அயனி வலிமையை உப்பால் சமன்செய்யுங்கள். சுழியத்துக்கு நீட்டிய மதிப்பை மட்டும் பிஎச் வரைபடத்தில் இடுங்கள். அதைச் செய்யாமல் அசிட்டேட்டில் பாதியும் பாஸ்பேட்டில் பாதியும் அளந்து ஒரே கோட்டில் இணைத்தால் 0.5 போன்ற வினோதச் சாய்வுகள் பிறக்கும்.

தாங்கலைத் தேர்வதிலும் பொறிகள் உண்டு. போரேட் கேட்டக்காலோடு பிணையும். பாஸ்பேட் இரும்பு(3)-ஐப் பிடிக்கும். டிரிஸ் என்ற தாங்கல் ஓர் அமீன். செம்போடு அணைவாகும், வலிய ஆக்சிஜனேற்றிக்கு இரையாகும். சிட்ரேட் வேண்டவே வேண்டாம்.

தாங்கல் இல்லாமல் செய்யக் கூடாதா?

வலிய அமிலத்தில் செய்யலாம், அமிலமே தாங்கும். நடுப்பகுதியில் முடியாது, ஏனெனில் வினையே புரோட்டானை வெளியிடுகிறது. பீனால் குயினோன் வரை போனால் ஒரு மூலக்கூறுக்கு நான்கு எலக்ட்ரானும் நான்கு புரோட்டானும் வரும். பிஎச் 7.2-இல் 20 மில்லிமோலார் பாஸ்பேட்டிலேயே 1 மில்லிமோலார் புரோட்டான் சேர்ந்தால் பிஎச் 0.09 இறங்கும், சாய்வு 1 என்பதால் வேகம் 18 விழுக்காடு குறையும்.

கனநீரில் அளக்கும்போது கவனிக்க வேண்டியது?

பிஎச் மானி காட்டும் எண்ணோடு 0.40 கூட்டினால்தான் பிடி (pD, கனநீரில் பிஎச்சுக்கு இணையான அளவு). பீனாலின் பிகேஏவும் கனநீரில் சுமார் 0.5 முதல் 0.6 ஏறும். நடுச்சாய்வுப் பகுதியில் உண்மையான பிஎச்சும் பிடியும் சமமாக இருக்கும்படி ஒப்பிட்டால், பிகேஏ நகர்வு மட்டுமே ஏறத்தாழ 3.5 மடங்கு வேறுபாடு தரும்; புரோட்டான் நகர்வோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. மானியின் எண்ணை மட்டும் சமமாக வைத்தால் இரண்டு நகர்வுகளும் பெரும்பாலும் ஒன்றையொன்று விழுங்கி 1.4 மடங்கு என்று காட்டும். இரண்டுமே பொய். ஐசோடோப்பு விளைவை அமிலத் தளத்தில் வே₁-க்கும், காரத் தளத்தில் வே₂-க்கும் தனித்தனியே எடுங்கள்.

நேரத்தோடு உட்கவர்தல் குறையும் வளைகோடு அடுக்குக்குறி வடிவில் பொருந்தவில்லை, முடிவில் வால்போல் நீள்கிறது. ஏன்?

திரும்பு வினை. பீனாக்சில் பிறந்தவுடன், ஒடுங்கிய அணைவு அதற்கு எலக்ட்ரானைத் திருப்பிக் கொடுத்துவிடும். அமிலத்தில் இது மேலும் மோசம், ஏனெனில் சமநிலை பீனால் பக்கம் சாய்ந்திருக்கிறது. தனி உறுப்புகள் இரண்டிரண்டாகச் சேர்வது, 10⁹ அளவிலான மாறிலியோடு விரைவானதே. ஆனால் அவற்றின் செறிவு மிகக் குறைவு. அணைவு தீரத் தீர, ஒடுங்கிய அணைவு பெருகி வேகத்தை அமுக்குகிறது.

உறுதிசெய்ய, ஒடுங்கிய அணைவைத் தொடக்கத்திலேயே சேர்த்து அளவிடுங்கள்; வேகம் குறைந்தால் நோய் இதுவே. மருந்து, தனி உறுப்பை உடனே பிடிக்கும் நைட்ரோசோ வகைப் பொறிச்சேர்மம் ஒன்றைச் சில மில்லிமோலார் சேர்ப்பது. பொறி வேலை செய்யும்போது வளைகோடு சுத்தமாக முதல் வகைக்குத் திரும்பும். பொறியின் செறிவை இருமடங்காக்கியும் வேகம் மாறாவிட்டால் போதிய அளவு சேர்த்துவிட்டீர்கள் என்று பொருள்.

பதிலிகள் பிகேஏவைக் குறைத்தால் வினை விரைவாகுமா?

பாதி உண்மை. 4-நைட்ரோபீனாலின் பிகேஏ 7.15, பிஎச் 7-இல் 40 விழுக்காட்டுக்கு மேல் அயனியாக இருக்கும். 4-மெத்தாக்சிபீனால் அதே பிஎச்சில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. ஆனாலும் மெத்தாக்சியே வெல்லும். அதன் அயனியை ஆக்சிஜனேற்ற 0.55 வோல்ட்டை ஒட்டிப் போதும், நைட்ரோவுக்கு 1.2-க்கு மேல் வேண்டும். அயனியின் அளவு சில நூறு மடங்குதான் மாறுகிறது, 0.65 வோல்ட் வேறுபாடோ அதைவிடப் பெரியது. பெண்டாகுளோரோபீனாலின் பிகேஏ 4.7, பிஎச் 6-க்கு மேல் அது முழுக்க அயனி என்பதால் அங்கே பிஎச் விளைவையே எதிர்பார்க்க வேண்டாம். அப்படியும் வேகம் பிஎச்சோடு மாறினால், மாறுவது அணைவுதான்.

கேட்டக்காலுக்கும் ஹைட்ரோகுயினோனுக்கும் இதே சமன்பாடா?

இல்லை. பிரியும் புரோட்டான் இரண்டு, போகும் எலக்ட்ரானும் இரண்டு. இடையில் வரும் செமிகுயினோனுக்கும் 4-ஐ ஒட்டி ஒரு பிகேஏ. காரத்தில் காற்றே இவற்றைத் தின்றுவிடும், ஆகவே ஆக்சிஜன் நீக்கம் கட்டாயம். இரும்பு(3)-ஓடு சேர்த்தால் எலக்ட்ரான் மாற்றத்துக்கு முன் பிணைப்பே நடக்கும்: அமிலத்தில் பச்சை நிற ஒற்றை அணைவு, பிஎச் 6 முதல் 9 வரை நீல-ஊதா இரட்டை, அதற்கு மேல் சிவப்பு மூன்றிணை அணைவு. பிஎச் ஏற ஏறப் பிணைப்பு இறுகி, இரும்பு(3) நிலைபெற்று, ஆக்சிஜனேற்றத் திறன் இறங்குகிறது. பீனாலோடு பிணையாமலே எலக்ட்ரானை வாங்கும் வெளிக்கோள அணைவுகளில் காண்பதற்கு இது நேர் எதிர்.

பிஎச் வரைபடம் மணி வடிவில் வந்தால்?

இரண்டு அமிலங்கள் ஒரே நேரத்தில் மாறுகின்றன. ஒன்று புரோட்டானோடும் மற்றொன்று புரோட்டான் இல்லாமலும் வினையாற்றும்போது உச்சம் இரு பிகேஏக்களின் சராசரியில் விழும். ஃபெர்ரேட்(6)-இன் ஒற்றைப் புரோட்டான் வடிவத்துக்குப் பிகேஏ சுமார் 7.2, பீனாலுக்கு 10, உச்சம் 8.6 அருகே. ஆனால் புரோட்டானேறிய ஃபெர்ரேட்டும் பீனாக்சைடும் சேர்வதா, வெறும் ஃபெர்ரேட்டும் பீனாலும் சேர்வதா என்பதை வேகச் சமன்பாடு சொல்லாது. இரண்டிலும் புரோட்டான் எண்ணிக்கை ஒன்றே. வேறு சான்று தேவை. லாக்கேஸ் நொதியின் மணி வடிவம் வேறு கதை: பிஎச் ஏறினால் பீனால் எளிதில் எலக்ட்ரானைக் கொடுக்கும், அதே நேரத்தில் ஹைட்ராக்சைடு நொதியின் செம்பு மையத்தில் ஒட்டிக்கொண்டு தடுக்கும்.

ஃபெர்ரிக் குளோரைடு சோதனையில் ஊதா வராமல் போவது பிஎச்சாலா?

பெரும்பாலும் ஆம். ஊதா நிறம் பீனாக்சைடு இரும்போடு பிணைவதால் வருவது. அமிலம் மிகுந்தால் பிணைப்பு உடையும், காரம் மிகுந்தால் பழுப்பு ஹைட்ராக்சைடு வீழ்படிவாகும். நடுநிலைக்குச் சற்றுக் கீழே, மிக நீர்த்த, புதிதாகச் செய்த கரைசலில் சோதியுங்கள். நிறம் வந்து சில நிமிடங்களில் பழுப்பாக மங்கினால், அது பிணைப்பைத் தொடர்ந்து வந்த ஆக்சிஜனேற்றம்.

நீரில் பீனாலை அளக்கும் 4-அமினோஆன்டிபைரின் முறையில் பிஎச் ஏன் அவ்வளவு கண்டிப்பு?

ஃபெர்ரிசயனைடு இங்கேயும் ஆக்சிஜனேற்றியே. மாதிரியை முதலில் பிஎச் 4-க்குக் கொண்டுவந்து வாலை வடிப்பார்கள். பீனால் ஆவியோடு வர அது புரோட்டானேறியிருக்க வேண்டும். நிறம் உண்டாக்கும்போது அம்மோனியத் தாங்கலால் பிஎச் 10-ஐ ஒட்டி, 0.2-க்குள் வைத்து, 510 நானோமீட்டரில் அளவிடுவது பரவலான வழி. பிஎச் இறங்கினால் அமினோஆன்டிபைரின் பீனாலைத் தேடாமல் தன்னோடு தானே இணைந்து சிவப்புப் பொருளைத் தரும், வெற்றுச் சோதனையின் மதிப்பு ஏறிவிடும். தாங்கல், அமினோஆன்டிபைரின், ஃபெர்ரிசயனைடு என்ற வரிசையில் சேர்த்து, ஒவ்வொன்றுக்குப் பிறகும் கலக்குங்கள். ஃபெர்ரிசயனைடை முந்திச் சேர்த்தால் பீனால் வேறு வழியில் இருபடியாகிப் போய்விடும். பாரா இடத்தில் ஆல்கைல், நைட்ரோ தொகுதி உள்ளவை நிறம் தராது. அது பிஎச் தவறல்ல, முறையின் எல்லை.

குடுவையில் இணைப்பு வினை செய்யும்போது காரத்தை எவ்வளவு வைப்பது?

ஒரு மோல் ஃபெர்ரிசயனைடுக்கு குறைந்தபட்சம் ஒரு மோல் காரம். அதற்கு மேலும் கொஞ்சம், பீனாலை அயனியாக வைத்திருக்க. 2,4,6-ட்ரை-டெர்ட்-பியூட்டைல்பீனால் 1 கிராம் என்பது 3.8 மில்லிமோல், சமன்பாட்டுக்கு 1.25 கிராம் ஃபெர்ரிசயனைடு போதும், நடைமுறையில் இரண்டு மூன்று மடங்கு வைப்பார்கள். நீர்க்காரக் கரைசலும் கரிமக் கரைப்பானும் இரண்டு அடுக்காக, நைட்ரஜன் கீழ், நன்றாகக் குலுக்கினால் கரிம அடுக்கு நீலமாகும். அந்த நீலம் நிலைத்த பீனாக்சில் தனி உறுப்பு. காற்று புகுந்தால் மஞ்சள் பெராக்சைடாக மாறும்.

பருமனான தொகுதி இல்லாத பீனாலில் தனி உறுப்பு நிற்காது, உடனே இணையும். பாரா-கிரசாலிலிருந்து இப்படிக் கிடைப்பதே பும்மரர் கீட்டோன். அதன் சரியான அமைப்பை 1950களில் பார்ட்டன் குழுவினர் திருத்தினர். இருபடி பெரும்பாலும் தாய்ப் பீனாலைவிட எளிதில் ஆக்சிஜனேறும். ஆகவே ஆக்சிஜனேற்றியைச் சொட்டுச் சொட்டாக, பீனால் மிகுதியில் சேர்க்க வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் பழுப்புத் தார்தான் மிஞ்சும். குயினோன்கள் காரத்தில் சிதையும். அவற்றை அளக்க வேண்டுமானால் வினை முடிந்த உடனே அமிலமாக்குங்கள்.

நீரற்ற கரைப்பானில்?

பிஎச் என்ற சொல்லையே விட்டுவிடுங்கள். அசிட்டோநைட்ரைலில் பீனாலின் பிகேஏ 29-ஐ ஒட்டி இருக்கும், தன்னால் பிரியாது. அங்கே வேகத்தை ஆள்வது சேர்க்கும் காரத்தின் வலிமையும், பீனாலோடு அது அமைக்கும் ஹைட்ரஜன் பிணைப்பும். எவ்வளவு காரம் உண்மையில் பிணைந்திருக்கிறது என்ற சமநிலையைத் தனியே அளந்துகொண்டு வேகத்தைப் பிரியுங்கள்.

அமிலமாக்கும்போது ஆபத்து உண்டா?

ஃபெர்ரிசயனைடு கழிவில் வலிய அமிலத்தை ஊற்றிச் சூடாக்கினால் ஹைட்ரஜன் சயனைடு வரும். மேலே சொன்ன அமிலமாக்கலை நீர்த்த அமிலத்தால், குளிர்நிலையில், புகைப்போக்கி அறையில் மட்டும் செய்யுங்கள். கழிவைக் காரமாகவே, வெளிச்சம் படாமல் சேமியுங்கள். கரிம ஈனி அணைவுகளின் பெர்குளோரேட் உப்புகளை உலர்ந்த நிலையில் சுரண்டவோ சூடாக்கவோ கூடாது, வெடிக்கும். பீனால் தோல் வழியே உடலுக்குள் போகும். முதலில் அந்த இடத்தை மரத்துப்போகச் செய்வதால் பட்டதே தெரியாமல் போகலாம். கையுறையில் ஈரம் கண்டால் உடனே கழற்றிவிட்டுக் கையைக் கழுவுங்கள்.